பதினேழு நீலக் கடல்களுக்குப் பிறகு: உச்சிப்புளிக் கரையில் ஓர் ஓவியரின் பத்தொன்பது நாள்கள்

இந்த ஆய்வில் பேசப்படும் ஓவியருக்கு வயது 46. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் என்னோடு படித்தவர். இப்போது மதுரையில் வாழ்கிறார். புத்தக அட்டை, இதழ் ஓவியம், சுவரோவியம் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூரிகையை நம்பியே குடும்பம் நடத்தி வருபவர். 2025 பிப்ரவரி 4 முதல் 22 வரை அவரும் அவருடைய மனைவியும் இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிக்கு வடக்கே, அரியமான் கடற்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில் தங்கினார்கள். பதினான்கு மாதங்களாக ஒரு படத்தையும் முடிக்க முடியாமல் இருந்தவர் அங்கே மீண்டும் வரையத் தொடங்கினார். கடலைப் பார்த்தார், மனம் லேசானது, கற்பனை ஊறியது என்று இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது எளிது. அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. எந்த நாளில் எது மாறியது, அதற்கு முன் என்ன நடந்தது என்பதைப் பின்தொடர்ந்து பார்க்க விரும்பினேன்.

எனக்குக் கிடைத்த சான்றுகள் மூன்று. அவர் அங்கே வரைந்த 27 படங்கள் முதலாவது. பதினொன்றாம் நாளிலும் பதினெட்டாம் நாளிலும் நானே நேரில் சென்று பார்த்தவை இரண்டாவது. மூன்றாவதுதான் மிகவும் பயன்பட்டது: அவருடைய மனைவி வீட்டுச் செலவு எழுதும் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. மீன், தேங்காய், பால் என்று கணக்கு எழுதிவிட்டு, அதன் அடியில் கணவரைப் பற்றி ஒரு வரி எழுதும் வழக்கம் அவருக்கு அந்த நாள்களில் உண்டாயிற்று. நோட்டை என்னிடம் கொடுத்தபோது இருவரும் விதித்த ஒரே நிபந்தனை பெயர்களை வெளியிடக் கூடாது என்பது.

பின்னணி

2023இல் ஒரு தங்கும் விடுதியின் அறைகளுக்காக 34 ஓவியங்கள் வரைந்து தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. எல்லாம் ஒரே அளவு, மூன்றடிக்கு இரண்டடி. பதினேழு கோபுரம், பதினேழு கடல். ஒவ்வொரு கடலையும் முடித்து, புகைப்படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் 'நீலம் இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும் சார்' என்று பதில் வரும். அவரும் தூக்கிக் கொடுத்தார். ஐந்து மாதங்களில் பதினேழு கடல்களை வரைந்தவர் அந்த ஐந்து மாதங்களில் ஒரு முறைகூடக் கடலைப் போய்ப் பார்க்கவில்லை. நேரமும் இருக்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கை தானாகவே வரைந்தது. கடைசித் தவணைப் பணத்துக்கு நான்கு மாதம் அலைந்தார்.

அந்த ஆண்டு டிசம்பரில் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு தொடங்கிய எந்தப் படமும் நிறைவடையவில்லை. நான் அவர் வீட்டு மாடிக்குச் சென்றபோது பதினொரு கித்தான்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. வலது மணிக்கட்டில் ஓயாத வலி. மருத்துவர் தசைநார் அழற்சி என்று சொல்லி மூன்று வாரம் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். அவர் மூன்று நாள்கூட எடுக்கவில்லை. இரவில் உறக்கம் கலைந்துகொண்டே இருந்தது. அந்தச் சந்திப்பில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்: "வரைய ஒன்னும் இல்லைன்னு இல்லப்பா. எதப் பாத்தாலும் நான் ஏற்கெனவே வரைஞ்ச படமாவே தெரியுது." கற்பனை வறட்சி என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிற நிலையை இதைவிடத் துல்லியமாக யாரும் விவரித்து நான் கேட்டதில்லை. குறைந்துபோனது அவருடைய எண்ணங்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அவருடைய கண், பார்ப்பதை நிறுத்தியிருந்தது. கையின் பழக்கம் கண்ணின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

பயணத்தை முடிவு செய்தவர் மனைவி. அவருடைய பெரியப்பா திருப்பூரில் மகனோடு போய்த் தங்கிவிட்டதால், கரையோரத்து வீடு பூட்டிக் கிடந்தது. ஓட்டு வீடு, இரண்டு அறை, ஒரு திண்ணை, ஒரு வேம்பு. மனைவி இரண்டு விதிகளைச் சொன்னார்: வண்ணப்பெட்டி மதுரையிலேயே இருக்க வேண்டும், கைப்பேசியை மாலையில் அரை மணி நேரம் மட்டுமே எடுக்க வேண்டும்.

முதல் எட்டு நாள்கள்

முதல் சில நாள்கள் நன்றாக இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் விடுமுறைக் கதைகளில் இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நோட்டில் மூன்றாம் நாளின் பதிவு இது: 'சூடை மீன் 80. தேங்காய் 2. ஊருக்குப் போவோம் என்கிறார். சாப்பிடவில்லை.' நான்காம் நாள்: 'பதினோரு மணி நேரம் தூக்கம்.' ஐந்தாம் நாள்: 'காரல் 60. திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. கோபமாகவும் இல்லை.' இந்தக் கடைசி இரண்டு சொற்களை நான் பலமுறை திரும்பிப் படித்தேன். எரிச்சல் அடங்கிய நாள் அதுதான். அடங்கிய இடத்தில் உடனே மகிழ்ச்சி வந்துவிடவில்லை. வெறுமையாக ஒரு அமைதி இருந்தது. அதை யாரும் எதையும் கொண்டு நிரப்ப முயலாதது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

ஆறாம் நாள் அவர் முதன்முறையாகக் கேள்வி கேட்டார். கடல் ஏன் பட்டை பட்டையாகத் தெரிகிறது என்பது கேள்வி. பக்கத்து வீட்டு அக்கா, நண்டு வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றியபடியே, கறுப்பாக இருப்பது புல், வெளுப்பாக இருப்பது மணல் என்று பதில் சொன்னார். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதன் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. கரையோரத்தில் கடல்புல் படர்ந்த இடத்தின் மேல் நீர் கரும்பச்சையாகவும், புல் இல்லாத மணல் திட்டின் மேல் வெளிறிய பால்பச்சையாகவும், காற்று எழுந்து அடிச்சேறு கலங்கும்போது பழைய பித்தளைப் பாத்திரத்தின் நிறத்திலும் இருக்கும். கரையில் ஒதுங்கிய புல் காய்ந்து பழுப்பாகக் குவிந்து கிடக்கும். பதினேழு முறை அடர்நீலத்தில் கடல் வரைந்தவர் அன்று காலை முழுவதும் நின்று நீலத்தைத் தேடியிருக்கிறார். நடுப்பகலில், வெகு தொலைவில், ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் அது இருந்ததாக மாலையில் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கரையின் அமைப்பும் இதற்கு உதவியது. இராமநாதபுரம் நிலம் அங்கே கிழக்கு நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால், வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சைக்கிளில் போகும் தூரத்திலேயே இருக்கின்றன. ஏழாம் நாள் காலை அரியமானில் இருந்தவர், மாலையில் வாடகைச் சைக்கிளில் புதுமடம் வரை போய்த் தென்கடலைப் பார்த்தார். இராமேசுவரம் பக்கத்தில் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும், தென்கடல் அலையடிக்கும் என்பது அதன் பொருள். ஆனால் வாடைக்காற்று முழுவதும் ஓயாத அந்த வாரத்தில் கதை தலைகீழாக இருந்தது. வடகடல் குறுகுறுவென்று அலையடித்துக்கொண்டிருக்க, தென்கடல் அசையாமல் கிடந்தது. ஒரே நாளில், ஒரே நிலத்தின் இரண்டு பக்கமும், ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு கடல்கள். அரியமானில் இன்னொரு வேறுபாடும் உண்டு. அந்தக் கரை வடக்கு நோக்கியது. பிப்ரவரிச் சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து எழாமல், மண்டபம் பக்கத்தில் கரையோரமாக எழுந்து பக்கவாட்டில் வெளிச்சம் வீசும். மணலின் ஒவ்வொரு மடிப்புக்கும் நீண்ட நிழல் விழும். நாள்காட்டிப் படங்களில் வரும் கடல் உதயத்தை எதிர்பார்த்துப் போனவர், அந்த நிழல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே மண்டபம் திசையில் நெடுந்தூரம் நடந்துவிட்டார். பழகிய படத்தோடு கண்முன் இருப்பது பொருந்தவில்லை. மறுபடியும் பார்க்க வேண்டியதாயிற்று.

கணவாய் மை

ஒன்பதாம் நாள் பிப்ரவரி 12. அக்கா வீட்டு ஆண்கள் கொண்டுவந்த கணவாயில் ஒரு கிலோவை மனைவி வாங்கினார். உயிர் முழுவதும் போகாத ஒன்று பாத்திரத்தின் மேல் கிடந்தது. அதன் தோலில் பழுப்பும் செம்மையும் மஞ்சளும் புள்ளிகளாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. கணவாயின் தோலுக்குள் நிறப்பைகள் உண்டு; அவற்றைச் சுற்றியுள்ள நுண்தசைகள் இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், தளர்ந்தால் சுருங்கி மறையும். உயிர் அடங்கும் நேரத்தில் அந்தத் தசைகள் ஒழுங்கின்றி இழுபடுவதால், மேகநிழல் வயலைக் கடப்பதுபோல் நிறங்கள் உடல் மீது ஓடும். ஓவியர் சமையல்கட்டின் வாசற்படியில் உட்கார்ந்து, அது முற்றிலும் வெளுத்துப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவாயை ஆய்ந்து கொடுக்க வந்த அக்காவின் கத்தி பட்டு ஒரு மைப்பை உடைந்தது. வெள்ளைப் பீங்கான் தட்டு முழுவதும் கறுப்பு பரவியது. அக்கா தட்டைச் சாய்த்தபடி, "தம்பி, இதக் கழுவி ஊத்திரவா?" என்று கேட்டிருக்கிறார். தட்டின் ஓரத்தில் மெலிதாக வழிந்த இடத்தில் அந்தக் கறுப்பு, பழுப்பாகத் தெளிந்திருந்தது. "இருக்கட்டும்க்கா, ஊத்தாதீங்க" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

தூரிகை இல்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியைப் பல்லால் கடித்து நாராக்கினார். தாள் இல்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் கிழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார். அன்று மதியம் வரைந்தவை நான்கு படங்கள்: தட்டு, கத்தி, கணவாய் ஓடு, அக்காவின் இடது கை. உள்ளங்கை அளவே உள்ள அந்தத் தாள்களை இப்போது மேசையில் பரப்பிப் பார்க்கும்போது, முதல் மூன்றும் சாதாரணமானவை என்றே சொல்வேன். நான்காவது அப்படி இல்லை. கட்டை விரலின் நகம் உடைந்த இடத்தில் கோடு தயங்கி நின்று, மீண்டும் தொடர்கிறது. அவருடைய அட்டைப்படக் கோடுகளில் அப்படியொரு தயக்கத்தை நான் பத்து ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. கண் எங்கே நின்றதோ அங்கே கையும் நின்றிருக்கிறது.

கணவாய் மையில் வரைவது புதிது அல்ல. ஐரோப்பிய ஓவியர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். பழுப்பு நிறத்துக்கு நாம் இன்றும் சொல்லும் 'செபியா' என்ற பெயர் கணவாயின் பெயரே. அவருக்கும் இது தெரியும். கல்லூரியில் எங்கள் இருவருக்கும் ஒரே ஆசிரியர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் தெரிந்திருந்த செய்தி வேறு, மதியக் குழம்புக்கு வாங்கிய மீனிலிருந்து கைக்கு வந்த மை வேறு. பச்சை மை ஒரே நாளில் நாறத் தொடங்கிவிட்டதால், அடுத்த முறை தட்டிலேயே நிழலில் உலர்த்தி, சுரண்டி, அம்மியில் பொடித்து, கருவேலம்பிசின் கரைத்த நீரில் குழைத்துக்கொண்டார். வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டால் நிறம் தளரும் என்பதால் அந்தப் படங்களை இன்றுவரை உறையில் வைத்தே பாதுகாக்கிறார்.

பதினைந்தாம் நாள் இருவரும் பேருந்தில் இராமநாதபுரம் சென்று இராமலிங்க விலாசம் அரண்மனையைப் பார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்ட ஓவியங்கள் அதன் சுவர்களையும் விதானங்களையும் நிறைத்திருக்கின்றன. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியரை மன்னர் சந்திக்கும் காட்சி, இராமாயணம், பாகவதம் எல்லாம் அவற்றில் உண்டு. மாணவனாக ஒரு முறை ஓடி ஓடிப் பார்த்த இடம் அது. இந்த முறை மூன்று மணி நேரம் இருந்தார். சிவப்புப் பின்புலம், நிழல் இல்லாத தட்டையான நிறம், ஒவ்வோர் உருவையும் தாங்கி நிற்கும் கறுப்புக் கோடு. நிறங்களை இவ்வளவு குறைத்துக்கொண்டும் அந்த ஓவியர்கள் ஒரு நாட்டையே சுவரில் ஏற்றியிருக்கிறார்கள் என்று வெளியே வந்தபோது சொன்னாராம். தட்டில் உலர்ந்த ஒற்றை நிறத்தோடு ஒரு வாரம் வேலை செய்தவரின் கண்ணுக்கு அது தெரிந்ததில் எனக்கு வியப்பில்லை.

எது வேலை செய்தது

படைப்பு மனம் ஆயத்தம், உள்ளடங்கிய ஊறல், திடீர்த் தெளிவு, சரிபார்ப்பு என்று நான்கு கட்டங்களாக இயங்குவதாக ஆங்கிலேயச் சமூக உளவியலாளர் கிரகாம் வாலஸ் 1926இல் விவரித்தார். இந்த நிகழ்வை அந்தச் சட்டகத்துக்குள் வைத்து, முதல் எட்டு நாள்களை ஊறல் என்றும் ஒன்பதாம் நாளைத் தெளிவு என்றும் எழுதிவிடலாம். நான் தயங்குகிறேன். ஊறுவதற்கு ஏதாவது ஒரு சிக்கல் உள்ளே இருக்க வேண்டும். இவரிடம் தீர்க்க வேண்டிய படம் ஏதும் இருக்கவில்லை. இயற்கைச் சூழல் நம் கவனத்தை வலிந்து பிடிக்காமல் மெல்ல ஈர்த்து வைத்திருப்பதால், வேலையில் களைத்த கவனம் மீள்கிறது என்று அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் காப்லன், ஸ்டீபன் காப்லன் இருவரும் 1980களில் முன்வைத்த கருத்து இதற்கு நெருக்கமானது. அலையும் மணல் நிழலும் அந்த வேலையைச் செய்தன என்று நம்புகிறேன். விடுமுறை முடித்து வந்தவர்களின் படைப்புத்திறனை அளந்து ஜெசிகா டி ப்ளூம் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வும் குறிப்பிடத்தக்கது: அவர்களுடைய எண்ணங்கள் முன்பைவிடப் பல வகைகளில் விரிந்தன, ஆனால் எண்ணங்களின் புதுமை கூடவில்லை. ஓய்வு வழியை விரிவாக்கும். புதிய ஒன்றைக் கையில் கொண்டுவந்து கொடுக்காது. இவருக்கு அந்தப் புதிய ஒன்று தட்டில் கொட்டிய மையாக வந்தது. அது மதுரையில் வந்திருந்தால் குழாயடியில் கழுவப்பட்டிருக்கும். கடற்கரையிலும் மூன்றாம் நாளில் வந்திருந்தால் கழுவப்பட்டிருக்கும் என்பதே என் கணிப்பு.

கடற்கரைக்குப் போய்ப் புது வழி கண்ட ஓவியர்கள் என்று நாம் எடுத்துக்காட்டும் பலர் ஓய்வெடுக்கப் போனவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1905 கோடையில் பிரான்சின் கோலியூர் என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் மத்தீஸ் ஓயாமல் வரைந்துகொண்டிருந்தார். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம், கைவினைப் பொருள் செய்து விற்றுப் பிழைத்துக்கொண்டே ஓவியம் வளர்த்தவர்களின் உழைப்பிடம். நம் நண்பரின் நிலை வேறு. அவருக்கு முதலில் வரையாமல் இருப்பதற்கான அனுமதி தேவைப்பட்டது; அதை அவருக்கு அவரே கொடுத்துக்கொள்ள முடியவில்லை, மனைவிதான் கொடுத்தார்.

ஓய்வு கொடுத்தால்தான் மீளும் என்ற இந்த அறிவு அந்தக் கரையில் வேறு வடிவில் ஏற்கெனவே இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசிக்குப் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். உலோகக் கருவியால் சுரண்டாமல் கையால் பறித்து, அடியை விட்டுவைத்தால் பாசி மீண்டும் தளிர்க்கும். ஓவியர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட நாளில் நோட்டில் உள்ள வரி: 'பன்னிரண்டு நாள், பன்னிரண்டு நாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.'

இந்த ஓய்வு எல்லோருக்கும் வாய்க்காது என்பது எனக்கு உறுத்துகிறது. வாடகை இல்லாத வீடும், மாதச் சம்பளமும் விடுப்பும் உள்ள மனைவியும் இருந்ததால்தான் பத்தொன்பது நாள் கூடிவந்தது. நாள் கூலிக்கு விளம்பரப் பலகை எழுதும் ஓவியருக்கு இதே நோய் வந்தால் அவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் விடை இல்லை. அதே போல், அவர் ஓய்வெடுத்த திண்ணைக்கு எதிரே, அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து வத்தை என்னும் சிறு படகைத் தள்ளிப் போகிறவர்களுக்கு அந்தக் கடல் வேலைத்தலம். அதை அவரும் உணர்ந்திருந்தார். 27 படங்களில் வெறும் கடல் ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றிலும் கையோ, கயிறோ, பாத்திரமோ, வேறு ஏதேனும் பொருளோ இருக்கிறது.

ஊர் திரும்பிய பின்

மதுரை திரும்பிய மூன்றாம் வாரம் பழைய மந்தம் மீண்டும் தலைகாட்டியது. இரண்டு கித்தான்களைத் தொடங்கிக் கைவிட்டார். அப்போது அவர் செய்தது எளிய காரியம்: கித்தானை ஒதுக்கிவிட்டு, உலர்ந்த மைப்பொடியை எடுத்து, வீட்டிலுள்ள பொருள்களை நாளுக்கு ஒன்றாக உள்ளங்கை அளவில் வரைந்தார். மே மாதத்துக்குள் மணிக்கட்டு வலி பெரும்பாலும் நின்றது. ஆகஸ்டுக்குள் ஒன்பது பெரிய ஓவியங்கள் முடிந்தன. எல்லாம் நன்றாக வந்தன என்று நான் சொல்ல மாட்டேன். நான்கில் பழைய கை மீண்டும் நுழைந்திருக்கிறது. மற்ற ஐந்தும் இதுவரை அவரிடமிருந்து வராதவை. இன்னொரு விடுதியிலிருந்து வந்த வேலையை, ஆறு படங்களுக்கு மேல் இல்லை, நிறத்தைப் பற்றிய பேச்சு இல்லை என்ற இரண்டு உறுதிகளைப் பெற்றுக்கொண்டு ஏற்றிருக்கிறார்.

ஆகஸ்டில் நான்கு நாள் மீண்டும் அதே வீட்டுக்குப் போனார்கள். அது கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றின் காலம். தென்கடல் கொந்தளிக்க, வடகடல் சொல்லுக்கேற்பக் குளமாகக் கிடந்தது. கிழிந்த வலையை அக்கா முடிந்துகொண்டிருக்கும் கைகளை அவர் ஐந்தடி அகலத்தில் வரைந்திருந்தார். சுருட்டி எடுத்துப் போய்த் திண்ணையில் விரித்துக் காட்டினார். அக்கா வெகுநேரம் பார்த்தார். "கை என்னோடதுதான் தம்பி. முடிச்சுத்தான் தப்பா இருக்கு. இப்படிப் போட்டா மீன் ஒரு இழுப்புல அவுத்துட்டுப் போயிரும்" என்றார். பிறகு பக்கத்தில் உட்காரவைத்து, வலையூசியை அவர் கையில் கொடுத்து, முடிச்சைச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குக் கைவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தப் படத்தை அவர் திருத்தவில்லை. முடிச்சைக் கற்றுக்கொண்ட பிறகு வேறொரு கித்தானில் முதலிலிருந்து தொடங்கினார். இப்போது அவருடைய மாடியறையில், முன்பு பதினொரு கித்தான்கள் சாய்ந்திருந்த சுவரில், ஓர் ஆணியில் அரை முழ நைலான் நூல் தொங்குகிறது. அதில் பதினான்கு முடிச்சுகள் இருக்கின்றன. முதல் ஒன்பதும் தளர்ந்தவை.